தலையாட்டாமல் கேட்பது

காலையில் நான் நடக்கப் போகும் தெருவில் நாயோடு ஒரு கிழவர் எதிரே வருவார். மெல்பேர்னின் ஓரத்தில், டாண்டெனோங் என்ற இடம் இது. என்னைக் கடக்கும்போது தலையை ஒருதரம் மேலும் கீழும் ஆட்டுவார், அவ்வளவுதான். இந்த நாட்டில் அது மரியாதை. முன்பின் தெரியாதவர்களும் ஆட்டுவார்கள். பஸ் ஓட்டுகிறவர் ஆட்டுவார், மருந்துக்கடைப் பெண் ஆட்டுவாள். யுத்த காலத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கு, அந்த நேரம் என் கால் ஏன் தயங்கும் என்று சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் உளவள ஆலோசனை. படகில் வந்தவர்கள், தடுப்பு முகாமிலிருந்து வெளியே விடப்பட்டவர்கள், விசா வருமா வராதா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள், இவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். போன மாதம் என் மேற்பார்வையாளர் ஜூலி, நான் ஒருவரோடு பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "நன்றாகக் கேட்கிறாய், ஆனால் தலையாட்டுவதே இல்லை. எதிரில் இருப்பவர் உன்னைக் கல் என்று நினைத்துவிடுவார்" என்றாள். எனக்கு அது பழக்கமில்லை என்றேன். அவள் முகம் அப்படியே கனிந்துவிட்டது. "ஓ, உங்கள் பண்பாட்டில் பக்கவாட்டில் அல்லவா ஆட்டுவீர்கள்? வெட்கப்படாதே, அப்படியே ஆட்டு, எங்களுக்கு மிகவும் பிடிக்கும்!" என்றாள். அட கடவுளே. நல்ல மனுஷி, குறை சொல்லமாட்டேன். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தில் அவளுடைய கோப்பியை எடுத்து யன்னலால் ஊற்றியிருப்பேன். பண்பாடாம் பண்பாடு!

எங்கள் பண்பாட்டில் தலையாட்டி என்று ஒருவன் இருந்தான். கொழும்பு வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த ஒழுங்கை, கடலோரத் தண்டவாளத்தில் போய் முடியும். எங்காவது குண்டு வெடித்தால் மறுநாள் காலையில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. வேலைக்குப் போகிறவர்கள், லொட்ஜில் தங்கியிருப்பவர்கள், பாண் வாங்க வந்தவர்கள் எல்லாரையும் மறித்து வரிசையாக நிறுத்துவார்கள். பிறகு ஜீப் வரும். அதற்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருப்பான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னே போய் நிற்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் ஆயுதம் தூக்கிய இயக்கத்து ஆள் என்று அர்த்தம், மயிரைப் பிடித்து இழுப்பார்கள், துவக்குப் பிடியால் வாயில் அடிப்பார்கள், பல் தெருவில் கிடக்கும். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குச் சாக்கு ஆடியது. அவள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பது?

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய உளவள நிலையத்தில் வேலை செய்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்து எங்களைப் பழக்கிவிட்டுப் போயிருந்தார். முன்னால் சரிந்து இரு, கண்ணைப் பார், இடைக்கிடை தலையாட்டு, அப்போதுதான் துன்பப்பட்டவன் தான் சொல்வதை ஒருவர் கேட்கிறார் என்று நம்புவான். நாங்களும் கண்ணாடியின் முன்னால் நின்று ஆட்டிப் பழகினோம்.

அங்கேதான் ராமையா வந்தார். மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் ரொட்டி தட்டுகிறவர். அவருக்குக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். எலும்பில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் முதலாளி எங்களிடம் அனுப்பினார். ராமையா ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் பழகியபடி முன்னால் சரிந்து, அவர் கண்ணைப் பார்த்து, மெல்லத் தலையாட்டினேன்.

மேசை என் மேலே வந்து விழுந்தது. தண்ணீர்க் கூசா உடைந்தது. ராமையா என் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரோடு அமுக்கிக்கொண்டு, "ஆட்டாதீங்க மிஸ்! ஆட்டாதீங்க!" என்று அலறினார். என் உதடு வெடித்து இரத்தம் வழிந்தது. ஆட்கள் ஓடிவந்து அவரைப் பிரித்து எடுத்தார்கள். எங்கள் பொறுப்பாளர், "இந்தாளை இனி உள்ளுக்கு விடக்கூடாது, ஆபத்தான ஆள்" என்றார். அந்த மனிதரோ என் இரத்தத்தைப் பார்த்துவிட்டு மூலையில் குந்திக் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். நான்தான் பிடிவாதமாக நின்று அவரை மறுபடியும் வரச்சொன்னேன்.

மறுமுறை நான் கழுத்தை அசைக்காமல் இருந்தேன். அவர் சொன்னார். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்து ஒருநாள் பிடித்துப் போயிருக்கிறார்கள். காலில் கட்டித் தொங்கவிட்டு, மண் நிரப்பிய குழாயால் அடித்து, பிறகு சாக்கைப் போட்டு ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள்.

"எனக்கு யாழ்ப்பாணமும் தெரியாது, கொழும்புல கடையத் தவிர ஒன்னும் தெரியாது மிஸ். யாருக்குன்னு ஆட்டுறது? ஆட்டலைன்னா பின்னால இருக்கிறவன் முதுகெலும்புல துவக்கால இடிப்பான். சரி, சப்பாத்து போட்டவங்களுக்கு ஆட்டுவோம்னு நெனச்சேன்."

"ஏன் சப்பாத்து?"

"செருப்புக்காலோட நிக்கிறவனுக்கு யாரு வந்து கேப்பா? என்னைய யாரு வந்து கேட்டா? சப்பாத்துக்காரங்களுக்குச் சொந்தபந்தம் இருக்கும், லோயர் புடிப்பாங்க, வெளிய எடுத்துருவாங்கன்னு நெனச்சேன் மிஸ்."

அப்படி ஆட்டியதில் மண்ணிறச் சப்பாத்தும் டையும் போட்ட ஒரு பொடியன் அகப்பட்டான். முகாமில் இவருக்குப் பக்கத்து அறையில் அவனைப் போட்டு அடித்தார்கள். "இது என்ர சப்பாத்தில்லை ஐயா, அத்தானின்ர. இண்டைக்கு இன்டர்வியூ" என்று அவன் கத்திக்கொண்டே இருந்தானாம். பின்னேரம் ராமையாவை அந்த அறையைக் கழுவச் சொன்னார்கள். அங்கே சப்பாத்து மட்டும் கிடந்தது. பிறகு இவரைத் தெருவோரத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள். அன்றையிலிருந்து கழுத்து அசையவில்லை.

அந்தச் சப்பாத்தை எனக்குத் தெரியும். எங்கள் நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வரும் பரமேஸ்வரி அம்மா, வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் மகளோடு இருப்பவர், மகன் ரவியைத் தேடுகிறவர். "மருமகன்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவன் தங்கச்சி, நான்தான் துடைச்சுக் குடுத்தனான்" என்று வாராவாரம் சொல்லுவார். புதுக்கடை நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டிருந்தார். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று படைத்தரப்பு சொல்லிவிட்டது. அவன் முகாமுக்குள் இருந்ததற்குச் சாட்சி உலகத்தில் ஒருவர்தான், அவர் என் முன்னால் இருக்கிறார்.

"உங்களில பிழையில்லை" என்று நான் படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப யாரு மேல பிழை? அதச் சொல்ற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் ராமையா. பொறுப்பாளர் குதித்தார்: "நாங்கள் மனசைப் பாக்கிற ஆக்கள். கோட்டுக்குப் போனால் நிலையத்தை இழுத்து மூடுவாங்கள்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோய் இந்த மனுஷனின் தலைக்குள்ளேயா பிறந்தது? குழாயில் மண் நிரப்பியவன் வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, நான் இவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதா? சாட்சி சொன்னால் படை கொல்லும், தலையாட்டி என்று தெரிந்தால் இயக்கம் கொல்லும் என்பதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். தெரியும் மிஸ் என்றார். பரமேஸ்வரி அம்மாவிடமும் கேட்டேன். பிள்ளையைக் கண்டவர் பேயாக இருந்தாலும் பரவாயில்லை, வரச்சொல் என்றார்.

புதுக்கடையில் லோயரின் அறை ஒரு மின்விசிறியும் பழைய கட்டுகளுமாகச் சிறியது. லோயர் ரவியின் படத்தை மேசையில் வைத்தார். ராமையாவுக்குச் சொல் எழும்பவில்லை. நெற்றி வியர்த்தது. லோயர் பாவம், நல்ல எண்ணத்தில்தான், "கஷ்டப்படாதையும். இவர்தான் எண்டால் தலையை ஆட்டினால் காணும்" என்றார்.

ராமையா முழு உடம்போடும் அம்மாவின் பக்கம் திரும்பினார். "இல்லீங்க ஐயா. வாயால சொல்றேன். இவருதான். இவருக்கு நான்தான் ஆட்டினேன்."

பரமேஸ்வரி அம்மா செருப்பைக் கழற்றினார். முகத்தில், கழுத்தில், நெஞ்சில், அடி என்றால் அப்படி ஓர் அடி. "அடிங்கம்மா" என்று மட்டும் சொன்னார் ராமையா, கையைக்கூடத் தூக்கவில்லை. மூக்கால் இரத்தம் வந்தது. லோயர் எழுந்தார், நான் அவரைத் தடுத்தேன். கை ஓய்ந்த பிறகு அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். அங்கிருந்தே கேட்டார்: "அந்தச் சப்பாத்து அவனுக்கு அளவில்லை தம்பி. காலைக் கடிச்சிருக்கும். கழட்ட விட்டவங்களோ?"

ராமையா சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தார். வழக்குத் தவணைக்கு முன்னால், கிராண்ட்பாஸ் சந்தியில் பட்டப்பகலில் அவரைச் சுட்டார்கள். யார் சுட்டது? இரண்டு பக்கமும் சுடக் காரணம் இருந்தது, இரண்டு பக்கமும் வாயே திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் தோட்டத்திலிருந்து வரப் பயந்தார்கள். பிணவறைக்குப் பரமேஸ்வரி அம்மாவும் நானும் போனோம். அங்கிருந்தவர் துணியை விலக்கி, உங்களுக்குச் சொந்தமா என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னமே அம்மா உரத்துச் சொன்னார்: "ஓம். என்ர ஆள்தான்."

மனுத் தள்ளுபடியாயிற்று. நிலையத்தை மூடினார்கள். என்னைத் தேடி இரண்டு பேர் வெள்ளவத்தைக்கு வந்து போன பிறகு நான் நாட்டை விட்டேன்.

இதையெல்லாம் ஜூலிக்குச் சொன்னேன். கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவம், நான் சொல்லி முடிக்கும்வரை தலையை ஆட்டி ஆட்டித்தான் கேட்டாள்.

இன்றைக்குக் காலையும் கிழவர் வந்தார். தலையை ஆட்டினார். என் கால் தானாக நின்றது. "குட் மார்னிங்!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. எனக்குக் காது மந்தம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், அவரும் பலத்த குரலில் "குட் மார்னிங்!" என்று கத்திவிட்டு நாயோடு போனார். வாய் டாண்டெனோங்கில் வணக்கம் சொல்லிவிட்டது. கழுத்து இன்னும் வெள்ளவத்தை ஒழுங்கையில், வரிசையில், சாக்கின் ஓட்டைகளைப் பார்த்தபடி ஆடாமல் நிற்கிறது.