வாசலைப் பார்த்த ஷூ

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான். அதுவும் பேய் என்றாலே சிரிக்கிற ஒரு மனிதருக்கு.

ஆபீசில் அவருக்கு ‘டைம்டேபிள்’ என்று பெயர். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒழுக்க வகுப்பு எடுப்பவர். “தினப் பழக்கம்தான் மனுஷனோட குணம். என் ஷூவைப் பாருங்க. முப்பத்தொரு வருஷமா ராத்திரி கழட்டினா, காலையில வாசலைப் பார்த்துத்தான் நிக்கும்!” என்று மேடையிலேயே காலைத் தூக்கிக் காட்டுவார்.

மனைவி இதயக் கோளாறோடு ஆஸ்பத்திரியில் படுத்துப் பதினெட்டு நாளாகியிருந்தது. மாலை ஆறிலிருந்து ஆறேகால் வரை போய்ப் பார்ப்பார். அதற்குமேல் ஒரு நிமிடம் கிடையாது.

மைத்துனன் வீட்டுக்கு வந்து மூக்கில் விரலை வைத்தான். “அக்கா இல்லாம வீடு குப்பையா கிடக்கும்னு நினைச்சேன் அத்தான்!”

“பழக்கம்டா, பழக்கம். ஷூ, கண்ணாடி, கைக்குட்டை... ஒண்ணு இடம் மாறியிருக்கா பாரு.”

“நீங்களா குனிஞ்சு எடுத்து வைக்கிறீங்க?”

“வேற யாரு, உங்கப்பனா?”

எப்போது குனிந்தோம் என்று அவருக்கு நினைவில்லைதான். நல்ல பழக்கத்துக்கு நினைவு எதற்கு என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

பத்தொன்பதாம் நாள். வழக்கத்துக்கு மாறாக விழிப்பு வந்துவிட்டது. மணி 5:20.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டக்... டக்...

யாரோ இறுக்கி மூடினார்கள்.

சரக்... சரக்... காலை இழுத்து நடக்கும் சத்தம். நடுவில் நின்று மூச்சு வாங்கியது. மறுபடி சரக்...

கதவிடுக்கில் பார்த்தார். கூடத்தில் யாருமில்லை.

மேஜைமேல் இருந்த மூக்குக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. வட்டமாக... யாரோ துடைத்தார்கள்.

வாசலருகே இடது ஷூ மெல்லத் திரும்பியது.

பிறகு வலது.

ஒரு சின்ன இருமல்.

முப்பத்தொரு வருடம் பக்கத்தில் கேட்ட இருமல்.

“நீயா?”

எல்லாம் நின்றது...

5:31. போன் அடித்தது. “சார்... அம்மா போயிட்டாங்க.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். “பதினெட்டு நாளும் இப்படித்தான் சார். விடியக்காலை 5:20க்கு நாடி நின்னுடும். டாக்டர் ஓடி வருவார். 5:31க்குத் திரும்ப வரும். உடம்பெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கும். நாளுக்கு நாள் பலம் போயிட்டே இருந்துச்சு. இன்னைக்கு வரவே இல்ல.”

அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

“நேத்து கேட்டேன் சார், எங்கேம்மா போயிட்டு வர்றீங்கன்னு. சிரிச்சாங்க. ‘அவரு தானே செய்யறதா நினைச்சிட்டிருக்காரு. நாந்தான்னு தெரிஞ்சுட்டா சங்கடப்படுவாரு. அப்புறம் எந்த மூஞ்சியோட திரும்பி வருவேன்’னாங்க.”