ஒரே விலாசத்தில் இரண்டு பேர்

மலேசியாவின் கோலசிலாங்கூரில், வீட்டு நோயாளிகளுக்கு ஆக்சிஜன் மிசின் வாடகைக்கு அனுப்பும் சின்ன நிறுவனம் ஒன்றில் எனக்குக் கணினி வேலை. ஒரு காலை, ஆர்டர் பதியும் பெண் என் மேசைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, இது சிஸ்டத்துல ஏறவே மாட்டேங்குது லா. 'டூப்ளிகேட் கீ'ன்னு வருது, ஏற்கெனவே பதிஞ்சிருக்காம்."

செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த ஆர்டர். நுரையீரல் பழுதான ஒருவர் அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். அவர் வந்து சேரும் முன்பே மிசின் வீட்டில் இருக்க வேண்டும். லோரியோ மதியம் கிளம்பிவிடும். சிஸ்டத்தில் ஏறாதது லோரியில் ஏறாது.

இரண்டு முறை அழுத்திவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை. ஏற்கெனவே இருந்த பதிவைத் திறந்தேன். வேறொரு அம்மாள், வேறு அடையாள அட்டை எண். விலாசம் மட்டும் அச்சு அசல் அதே. எனக்கு ஆத்திரமாக வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் ஏது? நான் அங்கே பிறந்தவள். எத்தனை குடும்பம் இருந்தாலும் எல்லாருக்கும் தோட்ட ஆபீஸ் விலாசம்தான். ஒரு விலாசத்துக்கு ஒரே வாடிக்கையாளர் என்று பூட்டுப் போட்டு இந்த டேட்டாபேஸைக் கட்டிய புண்ணியவான் லயத்தைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார்.

மேனேஜரிடம் போனேன்.

"விலாசத்துக்குப் பின்னால ஒரு புள்ளி வெச்சு ஏத்திரும்மா. எதுக்கு வம்பு?"

"அடுத்த வீட்டுக்கு ரெண்டு புள்ளியா பாஸ்? கோலமா போடுறோம்?"

"தோட்டத்து ஆளுங்க ஒரே ஆளு ரெண்டு மிசின் கேப்பாங்க. அதுக்குத்தான் அந்தப் பூட்டு. கைய வெச்ச, உன் வேல போயிரும்."

"போகட்டும்."

சொல்லிவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன். முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். ஒரே அடையாள அட்டை எண் எங்காவது இரண்டு முறை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. விலாசத்தின் மேலிருந்த பூட்டை எடுத்து அந்த எண்ணின் மேல் போட்டேன்; இனி ஒரு ஆளுக்கு ஒரு பதிவுதான். ஆர்டர் ஏறியது. லோரியும் போனது.

மாலையில் அந்த நோயாளியின் மனைவி போன் செய்தார். "பிள்ள, மிசின் மாட்டியாச்சு. இப்பதான் நல்லா மூச்சு விடுறாரு."

மறுநாள் காலை மேனேஜர் என் மேசை முன்னால் நின்றார்.

"யாரக் கேட்டு மாத்துன? பழையபடி ஆக்கு."

"ஆக்கலாம் பாஸ். ஆனா அந்தப் பூட்டு திரும்ப விழணும்னா அந்த விலாசத்துல ஒரு ஆள்தான் இருக்கலாம். இன்னொருத்தர அழிக்கணும்." அந்த அம்மாள், நேற்று மிசின் போனவர், இரண்டு பெயரையும் திரையில் காட்டினேன். "யார அழிக்கிறதுன்னு நீங்களே அமுக்குங்க."

விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன். அவர் தொடவில்லை.