அப்பாவின் தூண்டிலில் ஒரு கொடுவா

அப்பாவுக்கு மீன் பிடிக்க வராது என்பது ரங்கூனில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரிந்திருந்தது. அப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது.

சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் கட்டிலையும் மேஜையையும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற ஒரு தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். அடியில் நூல் சுற்றுகிற பித்தளைச் சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் கிர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அதை வாங்கியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் கியாக்டடாவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் பால்கனியில் நின்று தெருவுக்குத் தூண்டில் வீசிப் பழகுவார். முதல் வாரம் ஒரு சீனக் கிழவரின் ஓலைத் தொப்பி மாட்டியது. அடுத்த வாரம், கீழ்மாடியில் இருந்த பர்மிய மருத்துவச்சி காயப்போட்டிருந்த லுங்கி மாட்டிக்கொண்டு எங்கள் பால்கனி வரைக்கும் வந்து, அப்பாவின் தலைமேல் விழுந்தது. பெண்பிள்ளை கட்டிய லுங்கி ஆண்பிள்ளை தலைக்கு மேலே போனால் அவன் பாக்கியமெல்லாம் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த அம்மாள் லுங்கிக்காகக் கோபப்படவில்லை. அப்பாவுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டு, புத்தர் கோயிலான பகோடாவில் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், அப்பா குமாஸ்தாவாக இருந்த அரிசி ஆலையில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டி நடக்கும். பெரிய துரைக்கு அதில் அப்படி ஒரு பைத்தியம். மழை விட்டு, பர்மியர்களின் விளக்குத் திருநாள் முடிந்த வாரத்தில், பசுண்டான் ஓடையை ஒட்டிய ஆலையின் படகுத் துறையில் குமாஸ்தாக்கள் எல்லாரும் குடும்பத்தோடு கூடுவார்கள். கனமான மீனைப் பிடித்தவருக்கு ஒரு மேஜைக் கடிகாரம் பரிசு. தலைமைக் குமாஸ்தா மூன்று வருஷமாக அதை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் மீன் பிடித்ததை யாரும் பார்த்ததில்லை. அது எடைபோடப்பட்டதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் கிடங்கு மேலாளர் வேலை காலியாக இருந்தது. அதற்கும் மீனுக்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு எல்லாரும் போய்ப் புதுத் தூண்டில் வாங்கினார்கள். அப்பா தன் பதினோரு வருஷக் கணக்கெழுத்தால் துரையின் கண்ணில் படவில்லை, ஒரு மீனாலாவது படலாம் என்று நம்பினார். நான் இன்னும் ஒரு படி மேலே போய், எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் வரப்போகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டிருந்தேன். பத்து வயதுச் சிறுமி நான் அப்போது.

அம்மா இதிலெல்லாம் பட்டுக்கொள்ளவில்லை. அதிகாலையில் எழுந்து புளியோதரை கிளறி, வாழைக்காய் வறுத்து, அடுக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஊர் நாகப்பட்டினத்துப் பக்கம். அதற்கு மேல் அவள் ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கும் அதிகம் தெரிந்திருக்காது.

துறையில் ஆளாளுக்கு ஓர் இடம் பிடித்து நின்றார்கள். துரை தன் நாற்காலியைத் துறையின் பலகைப் பாலத்து நுனியில் போட்டிருந்தார். அப்பா அவருக்குப் பக்கத்திலேயே, ஆழமான தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டார். தூண்டில் முனையில் மீன்குஞ்சு வடிவத்தில் ஒரு பித்தளைத் தகடு. வீசி இழுத்தால் தண்ணீருக்குள் மினுமினுக்கும். அப்பா வீசினார், இழுத்தார். கிர்ரென்ற சத்தம் அருமையாகக் கேட்டது. மீன்கள் ரசித்துவிட்டுப் போய்விட்டன.

அம்மா கரையில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்கள் பேசிக்கொண்டிருக்க, இவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலையின் உமி ஒரு கால்வாய் வழியாக ஓடையில் வந்து விழுகிற இடத்தில், படகு கட்டும் பழைய கம்பம் ஒன்று சாய்ந்து நின்றது. அம்மாவின் கண் அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அப்பாவிடம் போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

“ஏங்க, தண்ணி திரும்பி ஏற ஆரம்பிச்சுடுச்சு. உமி விழுற எடத்துல எறால் மொய்க்குது. பெரிசு அதைத் தேடித்தான் ஓரத்துக்கு வரும். அந்தக் கம்பத்து நெழல்ல போட்டுப் பாருங்க.”

பெரிய மீன் ஆழத்தில்தான் இருக்கும் என்று தூண்டில் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்றார் அப்பா. அம்மா சரி என்று திரும்பி வந்துவிட்டாள்.

சாப்பாட்டு வேளையில் துரை எல்லா ஆண்களையும் ஆலைக்குள் தேநீருக்குக் கூப்பிட்டார். அப்பா கம்பைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, சும்மா பிடித்துக்கொண்டிரு, சக்கரத்தைத் தொடாதே என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா எழுந்தாள். கரையோரம் சம்பான் படகு ஒன்றில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த பர்மியரிடம் போய், அரைகுறை பர்மிய மொழியில் இறால் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கூடையை நீட்டினார். அதில் துள்ளுகிற இறால் ஒன்றை எடுத்து, பித்தளைத் தகட்டைக் கழற்றிவிட்டு, இறாலின் வால் பக்கம் முள்ளை ஏற்றினாள். உயிர் போகாதபடி அவ்வளவு மெதுவாக ஏற்றினாள். சாய்ந்த கம்பத்தின் ஓரம் போய், வீசக்கூட இல்லை, கையால் நூலை எடுத்து நிழலுக்குள் இறக்கிவிட்டாள்.

நான் பத்து எண்ணியிருக்க மாட்டேன். கம்பு வளைந்தது. சக்கரம் அது வரைக்கும் நான் கேட்டிராத ஒரு குரலில் அலறியது. ஓடையின் நடுவில் தண்ணீர் பிளந்து, வெள்ளிப் பாளம் போல ஒரு கொடுவா எழும்பியது. வாயை அகலத் திறந்து தலையை உதறியது. அது எழும்பியபோது அம்மா கம்பைத் தாழ்த்தினாள். அது விழுந்ததும் மறுபடி நிமிர்த்தினாள். சேலைத் தலைப்பால் உள்ளங்கையைச் சுற்றிக்கொண்டு நூலைப் பிடித்தாள். செருப்பு எங்கே போனதோ, முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கி நின்றாள். பேசிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எழுந்து நின்றார்கள்.

அப்பாவைக் கூட்டி வருகிறேன் என்று நான் ஓடப் பார்த்தேன்.

“கூப்பிடாதே” என்றாள் அம்மா. மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அந்தக் குரலை வீட்டில் நான் கேட்டதில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

சம்பான்காரர் வலையோடு தண்ணீரில் குதித்தார். “அமா, மெல்ல, மெல்ல” என்று தமிழிலேயே சொன்னார். அமா என்றால் அவர்கள் மொழியில் அக்கா; மற்றது துறைமுகத்தில் கற்ற தமிழ் போலும். இரண்டு பேருமாக அதைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டபோது, நீளத்தில் அது என் இடுப்புக்கு வந்தது. கூப்பிய கைகளோடு அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சட்டென்று நினைவு வந்தவள் போலக் காலைக் கழுவி, சேலையைச் சரிசெய்து, பாயில் போய் உட்கார்ந்து அடுக்குப் பாத்திரத்தைத் திறந்தாள்.

அப்பா வந்தார். மீனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு தட்டில் புளியோதரையை வைத்தபடி, “கம்பு உங்களோடது. மீனும் உங்களோடதுதான்” என்றாள்.

சம்பான்காரர் அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தராசு வந்தது. நாலு வீசைக்கு மேல் நின்றது. தலைமைக் குமாஸ்தாவின் கெளுத்தி பக்கத்தில் பல்லி மாதிரிக் கிடந்தது. துரை வேகமாக வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவின் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார். எனக்குக் கடிகாரத்தின் சத்தமே காதில் கேட்கத் தொடங்கிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் துரை உண்மையான தூண்டில்காரர். எந்த இடத்தில் போட்டீர், என்ன இரை, எத்தனை நேரம் போராடியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா பித்தளைத் தகட்டைத் தேடினார். அது பாயின் மேல் கிடந்தது. இறால் என்று நான் ஜாடை காட்டினேன். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் துரையிடம் திரும்பி, எனக்கும் புரிகிற ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்:

“இதை நான் பிடிக்கவில்லை, ஐயா. என் மனைவி பிடித்தாள்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைமைக் குமாஸ்தா மட்டும் சிரிக்காமல், போட்டி ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் என்று விதியை ஞாபகப்படுத்தினார். துரைக்கும் வேறு வழியில்லை. கடிகாரம் நாலாவது தடவையாகப் போகிற வீட்டுக்கே போயிற்று. சில வாரம் கழித்துக் கிடங்கு மேலாளர் வேலையும் தலைமைக் குமாஸ்தாவின் மைத்துனருக்கே போயிற்று. மீனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னது உண்மைதான் போலிருக்கிறது.

ஆனால் அன்று துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பாய்க்கு எதிரே வந்து நின்று, அம்மாவிடம் அதே கேள்விகளைக் கேட்டார். அப்பா நடுவில் நின்று மொழிபெயர்த்தார். அம்மா முதலில் தலையைக் குனிந்தபடி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். பிறகு மீன் எழும்பும்போது கம்பை எப்படித் தாழ்த்த வேண்டும் என்று கையால் காட்டத் தொடங்கினாள். அப்பா பாதியில் மொழிபெயர்ப்பதை மறந்துவிட்டு, தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

மீனில் பாதியைச் சம்பான்காரருக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, மீதியைச் சாக்கில் சுற்றி டிராமில் ஏறினோம். நடத்துநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பின்மேடையில் வைக்கச் சொன்னார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்ற கவலை எனக்கு. ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும், இந்த மனிதருக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

அப்பாவுக்கு என் ஆத்திரம் கண்ணில் படவில்லை. அம்மாவை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துவிட்டு, “எங்கே கத்துக்கிட்டே இதெல்லாம்?” என்று கேட்டார்.

அம்மா முதலில் ஒன்றுமில்லை என்றாள். அப்பா மறுபடி கேட்டார். கடுவையாறு கடலில் சேருகிற இடத்தில் அண்ணன்மாரோடு தூண்டில் போட்டதைச் சொன்னாள். வெறும் நூலும் முள்ளும்தானாம். ஒருமுறை இழுத்த இழுப்பில் தண்ணீரில் விழுந்தாளாம். கல்யாணம் நிச்சயமானபோது, போகிற இடத்தில் இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று சொல்லி அனுப்பினார்களாம். அப்பா இன்னொரு கேள்வி கேட்டார். பிறகு இன்னொன்று. அம்மா ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கைகளை வீசி வீசிச் சொன்னாள். அவள் வாய்விட்டுச் சிரித்தபோது முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சூலே பகோடா வந்தது. இறங்க வேண்டிய இடம் அதுதான். நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். அவர் அசையவில்லை. டிராம் மணியடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டது. நம்ம எடம் போயிடுச்சு என்று மூன்று தடவை சொன்னேன்.

“தெரியும்மா” என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலே. அம்மா அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கெமண்டைனில் தண்டவாளம் முடிகிற வரைக்கும் போய், அதே டிராமில் திரும்பி வந்தோம். எனக்கு நல்ல பசி. வீட்டுக்கு வழி தெரிந்தும் அதைத் தாண்டிப் போகிறவர்களைப் போல அசடுகள் உலகத்தில் உண்டா என்று நான் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.