செவ்வாய்க்கிழமை இறைப்பு முறை

சுன்னாகத்துக்கு வடக்கே, செம்மண் தோட்டங்களின் நடுவே உள்ள பங்குக் கிணற்றடிக்கு வரும்போதெல்லாம் பராசக்தியின் செவியில், அந்நாளில் நீர் இறைத்த துலாவின் முனகல் கேட்கும். துலா போய் நெடுங்காலமாயிற்று. ஆயினும் அவள் நினைவில், தந்தை கந்தப்பு இன்னமும் அங்கேதான் நின்றார். தோட்சால்வையை இடுப்பில் இறக்கிக் கட்டி, பங்காளர் எவரேனும் முகம் மலர்வாரோ என்று காத்து நின்றார்.

அக்கிணற்றில் ஒவ்வொரு பங்காளருக்கும் வாரத்தில் ஒரு நாள் இறைப்பு முறை. பங்கில்லாதவர் தறை எனப்படும் தோட்டத்துண்டு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டால், பங்காளரின் தயவாலேயே பயிர் பிழைக்க வேண்டும். அத்தயவுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. இந்த வாரம் திங்களில் நீர் கொடுத்தவர், அடுத்த வாரம் திங்களிற் கொடுக்கமாட்டார். ஒரே நாளில் தொடர்ந்து கொடுத்தால் அது உரிமையாய் முளைத்துவிடும் என்ற அச்சம். வெங்காயமோ முறை தவறாது நீர் கேட்கும் பயிர். ஒரு பங்குனியில் தாள்கள் மஞ்சளித்துச் சாய்ந்தன. கந்தப்பு அதன்பின் குத்தகைக்கு நிலம் எடுக்கவேயில்லை. கூலிக்கு மண் கொத்தியே காலங்கழித்தார்.

பராசக்தி கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்து, சிறுகச் சேர்த்து, அதே கிணற்றில் பங்கோடு ஒரு தறை வாங்கினாள். செவ்வாய் அவளுடைய நாள். பதிகம் ஓதியபடியே வாழைகளுக்குத் தண்ணீர் மாறிக் கட்டுவாள். முதற்குலை எப்போதும் பிள்ளையாருக்கு.

போர் முடிந்து ஊர் திரும்பியபின், மாதர் சங்கத் தலைவியாய் அவள் அலைந்து திரிந்து, நிலமற்ற குடும்பங்களுக்கு விதை வெங்காயமும் இறைப்பு மிசினும் பெற்றுக் கொடுத்தாள். அவர்களுள் ஒருத்தி உதயகலா. கூலிக்குப் புல்லுப் பிடுங்கியே வளர்ந்தவள், முதன்முறையாக, அதே கிணற்றருகே ஒரு குத்தகைத் தறையில் தனக்கென்று நட்டிருந்தாள். ஒருநாள் பராசக்தி அவள் வீட்டு வளவுக்குப் போனபோது, முருங்கையின் கீழே மிசின் இருந்தது. மிசினின் மேலே கோழி படுத்திருந்தது.

“என்ன பிள்ளை, இறைக்கேல்லையோ?”

“மிசின் இருக்கு அக்கா, நாளெல்லோ இல்லை. போன கிழமை முருகேசு ஐயா தன்ரை வியாழனைத் தந்தவர். இந்தக் கிழமை கேட்டால், பாப்பம் எண்டுறார். கோழியெண்டாலும் படுக்கட்டும்.”

பராசக்தி அவளுடைய தறைக்குப் போய்ப் பார்த்தாள். தாள் நுனிகளில் அதே மஞ்சள்.

அன்று மாலைப் பூசை முடிந்ததும் பங்காளரைப் பிள்ளையார் கோயில் முன்றலிற் கூட்டி, உதயகலாவுக்கு ஒரு நாள் குறித்துக் கொடுக்கக் கேட்டாள். மூத்த பங்காளரான முருகேசு வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார்.

“தண்ணி தாறதுக்கு நாங்கள் பின்னிண்டதில்லை. நாள் குறிச்சுத் தந்தால், பிறகு பங்கெண்டு மல்லுக்கு நிப்பினம்.”

“நிக்கட்டுமன் அண்ணை. எங்களுக்கு மட்டும் பங்கு வானத்தாலையோ விழுந்தது?”

சிலர் சிரித்தனர். முருகேசு சிரிக்கவில்லை. “உமக்கென்ன, வாயாலை இறைப்பீர். உம்மடை செவ்வாயைக் குடுப்பீரோ?”

சிரிப்பு அடங்கிற்று. வாழைகள் அந்த ஒரு நாளை நம்பியே நின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். பராசக்தி சந்நிதியை ஒருகணம் நோக்கினாள்.

“குடுக்கிறன். ஒவ்வொரு செவ்வாயும், காலமையிலையிருந்து மத்தியானம் வரைக்கும் உதயகலாவுக்கு. பிள்ளையார் வாசலிலை நிண்டு சொல்லுறன். நாளைக்கு அவள் உரிமையெண்டு கேட்டால், ஓம் எண்டுதான் சொல்லுவன்.”

“வாழை கருகினால் என்னட்டை வரப்படாது.”

“வருவன் அண்ணை. வியாழக்கிழமை பாத்து வருவன்.”

முருகேசுவின் வாயிலும் வெற்றிலைச் சிரிப்பு ஒன்று கசிந்தது. ஆனால் வியாழனை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் பராசக்தி வாழையிற் பாதியைத் தன் கையாலேயே வெட்டினாள். மிஞ்சிய நீருக்கு மிஞ்சியவை போதும்.

செவ்வாய் விடிந்தது. உதயகலா மிசினைத் தள்ளுவண்டியில் உருட்டிவந்து, கிணற்றுக்கட்டுக்கு அப்பாலேயே நின்றுவிட்டாள். தலை குனிந்திருந்தது. கந்தப்பு நின்ற இடமும் அதுவே.

“அக்கா, துவங்கட்டோ?”

பராசக்தி வழிவிட்டு விலகினாள். “கேக்கப்படாது பிள்ளை. இண்டைக்கு உன்ரை நாள்.”

மிசின் இருமிற்று, புகைந்தது, பின் சீராய் முழங்கிற்று. செம்மண் வாய்க்காலில் நீர் நுரைத்தோடி முதற்பாத்தியை நனைத்தது.

அடுத்த செவ்வாய் பராசக்தி கிணற்றடிக்கு வரச் சற்றே தாமதித்தாள். அவள் வருமுன்பே, எவரிடமும் கேளாமல், உதயகலா இறைத்துக்கொண்டிருந்தாள்.