துப்பாக்கி உறையின் நுனியில் ஒரு ஓட்டை

1. ஆணி கிழித்தது என்றார்கள்

ஆணியில் மாட்டிய கான்வாஸ் ஒரு பக்கமாக நீளமாகக் கிழியும். நூல் இழை இழையாகத் தொங்கும். அன்று காலை என் மேஜைக்கு வந்த துப்பாக்கி உறை அப்படிக் கிழிந்திருக்கவில்லை. அதன் நுனி நாலாகப் பிளந்து, ஓரமெல்லாம் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. உள்ளே கையை விட்டேன். ஃப்ளானல் லைனிங் பொடிப்பொடியாக உதிர்ந்தது. விரலில் கரி ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன், வெடிமருந்து வாசனை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரங்கூன் டல்ஹௌசி தெருவை ஒட்டிய ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் நான் உறை தைக்கிறவனாக இருந்தேன். முன்னால் ஷோரூம். பின்னால் என் மேஜை, ஒரு தையல் மெஷின், தோல் சுருள்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு திரை. வாடிக்கையாளர்களோடு பேசுவது ஹெட் கிளார்க் ஐசக் சார். மிஷன் பள்ளியில் படித்தவர். துரைமார் அவருடைய இங்கிலீஷைக் கேட்டு மரியாதையாக நிற்பார்கள்.

அந்த உறையைக் கொண்டுவந்து போட்டவரும் அவர்தான்.

"சவரி, இது மில் எஞ்ஜினீயர் துரையோட கவர். ஆணியில கிழிஞ்சிருச்சாம். சனிக்கிழமை வருவார். ஒட்டுப் போட்டது தெரியக்கூடாதுன்னு சொன்னார்."

ரிப்பேர் செய்த உறையில் துப்பாக்கியைப் போட்டுப் பார்த்துத்தான் கொடுப்பது வழக்கம். துப்பாக்கி எங்கே என்று கேட்டேன். அது போலீசில் இருக்கிறதாம். எதற்கென்று தான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே என்றார். திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

கையில் ஊசியை எடுத்தேன். கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். அன்று மத்தியானம் வரைக்கும் ஒரு தையல்கூடப் போடவில்லை.

2. அதை நானே எடுத்துக் கொடுத்தேன்

அந்த உறை எனக்கு அந்நியமானதில்லை. ஆறு மாதம் முன்னால் நான் தைத்தது. அதைவிட, நானே சிபாரிசு செய்து கொடுத்தது.

அப்போது எங்களிடம் மெத்தென்ற உறைகள் மூன்று விதம் இருந்தன. ஒன்று, தோல். பார்க்க அழகு. ஆனால் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, பூஞ்சை பிடித்து, துப்பாக்கியைத் துருவேற வைத்துவிடும். இரண்டாவது, பக்கவாட்டில் நீளத்துக்கும் திறந்து பக்கிள் போடும் கான்வாஸ் உறை. மெழுகு பூசியது, தண்ணீர் இறங்காது. ஆனால் ஏழு பக்கிள். மூன்றாவது, தலைப்பக்கம் மட்டும் திறக்கிற கான்வாஸ் உறை. பை மாதிரி. துப்பாக்கியை முனை முதலாக உள்ளே தள்ளி, மூடியை மடக்கி, ஒரே ஒரு வாரை மாட்டினால் போதும்.

எஞ்ஜினீயர் துரை அன்று ஒரு இடத்தில் நிற்கவில்லை. முப்பது வயதுக்காரர். கவுண்டருக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே பேசினார். பெகு ரோட்டில் காரில் போகும்போது மான் குறுக்கே வந்தால், உறையைத் திறப்பதற்குள் போய்விடுகிறதாம். சீக்கிரம் எடுக்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்டார். ஐசக் சார் என்னைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார். நான்தான் எனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில், "இதை எடுத்துக்குங்க துரை. ஒரு வாரைத் தட்டினா துப்பாக்கி கையில இருக்கும்" என்றேன். இழுத்தும் காட்டினேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. எனக்கும்தான்.

அளவு சரியாக இருந்தது. துப்பாக்கியைவிட நாலு அங்குலம் நீளம். குறிபார்க்கிற முன்சைட் உரசாமல் இருக்க நுனியில் தோல் குப்பி. தொழிலில் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் கவனித்திருந்தேன். குண்டு போட்ட துப்பாக்கியை அப்படியே உள்ளே தள்ள முடியும் என்பதை மட்டும் நினைக்கவில்லை. மெத்தென்ற உறையின் வெளியிலிருந்தே விசையை அமுக்க முடியும் என்பதும் தோன்றவில்லை.

3. டீக்கடையில் கேட்டது

மத்தியானம் டீக்கடைக்குப் போனேன். கார் டிரைவர்கள் கூடுகிற இடம் அது. அன்றைக்கு அவர்கள் பேச்சு முழுதும் கோவிந்தனைப் பற்றி. கோவிந்தன் அந்த எஞ்ஜினீயரின் டிரைவர். எனக்கும் முகப் பழக்கம் உண்டு. துரை கடைக்குள் இருக்கும்போது வெளியே காரைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

துரை இல்லாத நேரம் துப்பாக்கியை வெளியே எடுத்து விளையாடி, தன் காலைத் தானே சுட்டுக்கொண்டான் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். வேலை போய்விட்டது. உத்தரவில்லாமல் துப்பாக்கியைத் தொட்டதற்குக் கேஸ் வேறு வரும் என்றார்கள்.

டீ ஆறிப்போனது. வெளியே எடுத்த துப்பாக்கி எப்படி உறையின் நுனியைக் கிழிக்கும்? அது வெடித்தபோது உறைக்குள்தான் இருந்திருக்கிறது. அதற்குச் சாட்சி என் மேஜைமேல் கிடந்தது. சனிக்கிழமைக்குள் அது புதுசு மாதிரி ஆகிவிட வேண்டும்.

கடைக்குத் திரும்பி ஐசக் சாரிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை திரைவரை போனேன். இரண்டு தடவையும் திரும்பிவந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. ரங்கூனில் இந்த வேலைக்கு வேறு கடை கிடையாது. அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

4. ஆஸ்பத்திரியில்

கோவிந்தனின் இடது காலில் கட்டு முழங்கால்வரை இருந்தது. முன்பாதி பாதம் போய்விட்டது. பக்கத்தில் அவன் மனைவி மா சீன் உட்கார்ந்திருந்தாள். கியாக்தான் பக்கத்துப் பர்மியப் பெண். புருஷனிடம் கற்ற தமிழைத் தயங்காமல் பேசுவாள். ஐயா என்பதற்கு மட்டும் பர்மியில் சயா என்பாள்.

நான் யார் என்று சொன்னேன். என்ன நடந்தது என்று கேட்டேன். கோவிந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு, நான்தான் எடுத்தேன், என் தப்புதான் என்றான். ஸ்டேஷனில் சொன்ன வார்த்தைகளையே ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

மா சீன் குறுக்கிட்டாள். "பொய், சயா. இவரு துப்பாக்கி தொட மாட்டாரு. வீட்டுல கோழி அறுக்கறதும் நாந்தான்."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "கோவிந்தா, அந்த உறையைத் தச்சது நான். அதைத் துரைக்கு எடுத்துக் கொடுத்ததும் நான். அது இப்ப எங்கிட்ட இருக்கு. நுனி உள்ளேயிருந்து கருகியிருக்கு" என்றேன்.

அவன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். வேட்டை முடிந்து திரும்பும் வழி. இன்னும் மான் வரலாம் என்று துரை குண்டை எடுக்காமலே துப்பாக்கியை உறையில் தள்ளி, முன்சீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் முனை கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தார். ஒரு பள்ளத்தில் கார் குலுங்கியது. உறை சரிந்தது. அது விழாமல் இருக்க, துரை உறையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தார். அவர் கை பட்ட இடத்தில் விசை இருந்தது.

"துரை அழுதாரு சவரி," என்றான் கோவிந்தன். "என்னைத் தூக்கிட்டு வந்து சேர்த்ததும் அவருதான். மறுநாள் வந்து, நீ எடுத்தேன்னு சொல்லு, உன்னைப் பாத்துக்கறேன்னாரு. அப்புறம் வரல."

அவனுக்குத் துரையை எதிர்த்து நிற்கத் தெம்பில்லை. விட்டுவிடு என்று என்னைக் கெஞ்சினான். வாசல்வரை வந்த மா சீன் வேறு மாதிரி கேட்டாள்.

"அந்தத் துணிய எனக்குக் குடுப்பீங்களா?"

5. வெட்டியெடுத்த துண்டு

உறை துரையின் சொத்து. அதை எடுத்துக் கொடுத்தால் நான் திருடன். இரண்டு நாள் இதையே சுற்றிச் சுற்றி யோசித்தேன். கடைசியில் வழி என் வேலையிலேயே இருந்தது. கருகிய கான்வாஸில் ஒட்டுப் போட்டால் நிற்காது. நுனியை ஒரு முழ நீளத்துக்கு வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் துணி சேர்த்துத்தான் தைக்க வேண்டும். வெட்டிய கழிவு எப்போதும் கூடைக்குப் போகும்.

வெட்டினேன். பழைய தோல் குப்பி, கிழிசல், கருகிய லைனிங் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக வந்தது. புது நுனியைத் தைத்தேன். நல்ல வேலை, ஒட்டு தெரியவில்லை. சனிக்கிழமை துரை வந்து வாங்கிப்போனார்.

ஐசக் சார் அன்று மாலை கூடையைப் பார்த்தார். அதில் துண்டு இல்லை. என் மடியில் இருந்தது. "குப்பையை வீதியில போட்டுட்ட போல," என்றார். நான் மேஜையைத் துடைக்கத் தொடங்கினேன். அவரும் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை.

மா சீன் திங்கட்கிழமை மில்லுக்குப் போய், மானேஜர் துரையின் மேஜைமேல் அதை விரித்து வைத்தாளாம். அவர் பழைய வேட்டைக்காரர். யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, கிடைத்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

பிறகு பதினைந்து நாள் ஒரு சேதியும் இல்லை. ஷோரூம் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் என் கை நின்றுவிடும். சும்மா இருக்க முடியாமல் அந்த நாட்களில் ஒரு புது உறையை வெட்டித் தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன். நீளத்துக்கும் திறக்கிற உறை. போல்ட்டின், அதாவது குண்டு அறையை மூடித் திறக்கிற தண்டின், கைப்பிடி வருகிற இடத்தில் வேண்டுமென்றே உறையின் இடுப்பைக் குறுக்கினேன். போல்ட்டைக் கழற்றினாலொழிய பக்கிள் சேராது. கழற்றிய போல்ட்டுக்கு வெளியே தனிப் பை. போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்தான்.

மூன்றாவது வாரம் டீக்கடையில் சேதி வந்தது. ஸ்டேஷனில் எழுதியதை மாற்றியிருந்தார்கள். கோவிந்தன்மேல் கேஸ் இல்லை. மில் கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருந்தார்கள். எஞ்ஜினீயரைப் பஸ்ஸீன் மில்லுக்கு மாற்றிவிட்டார்கள்.

6. எஞ்ஜினீயர் வந்தார்

புறப்படுவதற்கு முன்னால் அவர் கடைக்கு வந்தார். தைக்கிறவனைப் பார்க்க வேண்டும் என்றார். ஐசக் சார் என்னைக் கூப்பிட்டார். வேலை இன்றோடு போயிற்று என்று நினைத்தேன்.

துரை இந்தத் தடவை நடக்கவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்டியது நீதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் சொன்னதை ஐசக் சார் தமிழில் சொன்னார். "பயத்துல ஒரு தடவை அந்தப் பொய்யைச் சொன்னாராம். மூணாவது தடவை சொல்லும்போது, அவன்தான் எடுத்தான்னு அவரே நம்பிட்டாராம்."

அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. நானும் மூன்று வாரமாக, அந்த உறையை அவர்தான் கேட்டு வாங்கினார் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய்ப் புது உறையைக் கொண்டுவந்தேன். பிரித்துக் காட்டினேன். அவர் போலீசிலிருந்து திரும்பிவந்த தன் துப்பாக்கியை எடுத்து வைத்து மூடிப் பார்த்தார். சேரவில்லை. இடுப்பு குறுகிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டார். ஏழு பக்கிளையும் ஒவ்வொன்றாகப் பூட்டினார். எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு கோவிந்தனை இரண்டு தடவை மில் கேட்டில் பார்த்தேன். என்னைத் திட்டவில்லை. ஆனால் டிரைவர் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவான். போன பாதத்தையும் அந்த வேலையையும் எந்தத் துண்டுத் துணியாலும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அளவையும் தோலையும் மழையையும் பற்றி யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும் என்பதையும் சொல்வார்கள். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். உறையை வாங்குகிறவர் ஒருவர். அதன் பக்கத்தில் பயணம் போகிறவர் வேறொருவர். அந்த இரண்டாவது ஆள் கடைக்குள் வருவதே இல்லை. அவன் வெளியே நின்று கார் துடைத்துக்கொண்டிருப்பான்.

ஆகவே அதற்குப் பிறகு உறை கேட்டு வந்த எவரிடமும் நான் முதலில் கேட்டது இதைத்தான்: வண்டியில் துப்பாக்கியின் முனை எந்தப் பக்கம் இருக்கும், அந்தப் பக்கத்தில் யார் உட்காருவார்? பலருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பதில் வரும்வரை நான் அலமாரியைத் திறந்ததில்லை.