சீனப் புத்தாண்டுக்கு முந்திய சரக்கு

ராயபுரத்தில் விசைப்படகு இஞ்சின் சாமான்கள் விற்கும் கடை தேவகிருபையுடையது. பூர்வீகம் நாசரேத். கணவர் தவசிமுத்து இருந்தவரை சீனாவிலிருந்து சரக்கு வரவழைப்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் போன பிறகு தேவகிருபை தானாகப் போட்ட முதல் ஆர்டர், இஞ்சினைக் குளிர வைக்கும் வாட்டர் பம்புகள். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகுகளைப் பழுது பார்ப்பார்கள். ஏப்ரலில் தொடங்கும் தடைக்கு ஜனவரியில் சொன்னால் போதுமென்று நினைத்துவிட்டார்.

சொன்ன கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்லை. ஏமாந்துவிட்டோம் என்றே தேவகிருபை நினைத்தார். பிறகு தொழிற்சாலையின் விற்பனைப் பெண் லின், சொந்த ஊரிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். சிவப்புத் தாள் ஒட்டிய வாசல், பக்கத்தில் அவள் அம்மா. சீனப் புத்தாண்டு.

ஆட்கள் ஊரிலிருந்து திரும்பி, பழைய ஆர்டர்களை முடிப்பதற்குள் மே தின விடுமுறை வந்தது. அடுத்து டிராகன் படகுத் திருவிழா. பம்புகள் துறைமுகத்தில் இறங்கியபோது தடை முடிந்து எல்லாப் படகும் கடலுக்குப் போயிருந்தது, காசிமேட்டு ரகுபதியின் படகைத் தவிர.

அவர் சத்தம் போடவில்லை. "உன்ன நம்பித்தான்க்கா வேற எங்கயும் சொல்லாம இருந்தேன்" என்றார். தேவகிருபைக்கு அதுவே தாங்கவில்லை.

லின்னிடம் கேட்டு அவர்களுடைய பண்டிகைகளையெல்லாம் கடைக் காலண்டரில் வட்டமிட்டார். அக்டோபர் முதல் வாரமும் அங்கே விடுமுறை என்பதால், செப்டம்பரிலேயே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், "பம்பை இப்பவே பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று படகுக்காரர்களைக் கேட்டார்.

டில்லிபாபு என்ற படகுக்காரர் சிரித்தார். "இன்னாக்கா, தீபாவளியே வரல. தடைக்காலத்தப் பத்தி பேசிக்கினு கீற."

"அவங்களுக்குப் பொங்கலாட்டம் ஒண்ணு கீது டில்லி. அல்லாரும் வூட்டுக்குப் பூடுவாங்க" என்றார் ரகுபதி. "போன வாட்டி கரைல குந்திக்கினு இருந்தவன் நானு." அன்றைக்கே தன் இஞ்சினைத் திறந்தார்.

ஜனவரி கடைசியில் லின் எழுதினாள்: பாதி பம்புகள் தயார், மீதியை ஓட்டிப் பார்க்க நேரமில்லை, அப்படியே அனுப்பட்டுமா?

"வேண்டாம். எல்லாரும் ஊருக்குப் போய் வரட்டும். வந்து ஓட்டிப் பார்த்து அனுப்புங்கள்." முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தேவகிருபையால் நிதானமாக அப்படி எழுத முடிந்தது.

மீதிச் சரக்கு கடலில் வந்துகொண்டிருந்தபோது லின்னிடமிருந்து இன்னொரு செய்தி: "நாளை விடுமுறை. அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போகிறேன்."

மறுநாள் ஈஸ்டர். விடியற்காலையில் தேவகிருபையும் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போகவிருந்தார். "நானும் நாளைக்குக் கல்லறைக்குத்தான் போகிறேன், கணவரைப் பார்க்க" என்று எழுதினார். லின், "அவருக்கு என் வணக்கம்" என்று அனுப்பினாள்.

தடை தொடங்கிய வாரத்தில் மீதிப் பம்புகளும் வந்து சேர்ந்தன. டில்லிபாபு கடை வாசலில் வந்து நின்றார். "எனக்கும் ஒண்ணு சொல்லி வச்சியாக்கா?"

"வச்சிருக்கேன் தம்பி. வருவீங்கன்னு தெரியும்."

அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "அடுத்த வர்சம் அவங்க பொங்கலு எப்போ?"

"பிப்ரவரி மொத வாரம்."

"அப்ப ஆடி முடிஞ்சதுமே சொல்லிர்றேன்" என்று துறைமுகம் பக்கம் நடந்தார்.