வலது தோளில் ஒரு பள்ளம்

எழுதும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்டேன். மலேசியாவில், கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன், மனைவியின் தோளைப் பற்றி எழுத வந்தது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி காலையில் வீட்டு முன்னால் தோசையும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் விற்கிறாள். போன வருடம் மாவுப் பானையை மேசைமேல் ஏற்றும்போது வலது தோளில் ஏதோ பிய்ந்ததுபோல் இருந்தது என்றாள். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. சுளுக்கு என்றால் உருவிவிட வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சுளுக்கு உருவிவிடும் ஒரு அம்மாவிடம் போய் வந்தோம். சில மாதங்களில் வலி விட்டது. அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். தலைசீவும்போது மட்டும் அவள் குனிந்து, தலையைக் கைக்குக் கொண்டுவந்தாள். வலிதான் இல்லையே என்று இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

பிறகு ரவிக்கை வலது பக்கம் நழுவ ஆரம்பித்தது. தையல்காரரைத் திட்டினாள். அவர் பிரித்துத் தைத்துக் கொடுத்தும் நழுவியது. ஒரு சாயங்காலம் அவள் முதுகில் தைலம் தேய்த்தபோது, தோள்பட்டை எலும்புக்கு மேலே என் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. இடது பக்கம் தொட்டுப் பார்த்தேன். அங்கே சதை நிறைந்திருந்தது.

தையல்காரர் மேல் தப்பில்லை என்றேன். அவள் இடது கையால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்ப பால்குடம்?" என்றாள்.

எனக்கு டெங்கி வந்து பிழைத்த வருடத்திலிருந்து மாரியம்மன் திருவிழாவுக்கு அவள் பால்குடம் எடுக்கிறாள். இரண்டு கையும் தலைக்குமேல் உயர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை. படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னாள். "தசையை எலும்போட கட்டியிருந்த நார் அறுந்து ரொம்ப நாளாச்சு ஆன்டி. வேலை இல்லாத தசை சுருங்கிடும். அந்த எடத்துல கொழுப்பு வந்து உக்காந்துக்கும். இப்ப நாரைத் தைச்சாலும் பழைய சதை திரும்பி வராது."

படத்தில் தசைக்குள் கொழுப்பு வெள்ளை வெள்ளையாக ஓடியிருந்தது.

"கசாப்புக் கடையில தொங்குற ஆட்டுத்தொடை மாதிரியில்ல இருக்கு," என்றாள் என் மனைவி. டாக்டர் சிரித்துவிட்டாள். மிச்சமுள்ள தசைகளைப் பலப்படுத்தப் பயிற்சி இருக்கிறது, ஆனால் கனம் எதையும் தலைக்குமேல் தூக்கக் கூடாது என்றாள். பால்குடத்தைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டாள். நானும் கூடவே விரதம் இருந்தேன். ஊர்வலத்தில் ஆண்கள் பின்னால்தான் நடப்போம். மனைவிமாரின் செருப்புகள் பிளாஸ்டிக் பையில், கையில் தண்ணீர் போத்தல். இடது கையால் மட்டும் குடத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பாதித் தூரம் வந்துவிட்டாள். அப்புறம் குடம் வலது பக்கம் சாய்ந்தது. பால் கழுத்தில் வழிந்தது. அவள் வலது கை எழும்பி, மார்பு உயரத்திலேயே நின்றுவிட்டது.

பையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் போய் வலது பக்கம் குடத்தைப் பிடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தெருவில் நான் அவள் கையைக்கூடப் பிடித்ததில்லை. என் வேனில் வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் ஓரத்தில் நின்றிருந்தார்கள். காது சுட்டது.

பின்னால் வந்த ஒரு அக்கா கேட்டார். "என்ன, அங்கிளுக்கும் சேர்த்து வேண்டுதலா?"

"இல்லக்கா. என் வலது கை லா இவரு," என்றாள் என் மனைவி, தலையைத் திருப்பாமல்.

அந்த வலது கையை என் முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் அது உயரவில்லை. கோயில்வரை அப்படியே நடந்தோம். பால் கொஞ்சம் குறைந்திருந்தது. பூசாரி அப்படியே வாங்கி அம்மனுக்கு ஊற்றினார்.

மறுநாள் திங்கட்கிழமை. மாவுப் பானையை நான் மேசைமேல் ஏற்றி வைத்துவிட்டு வேன் எடுக்கப் போனேன்.